மிலேவாவின் ராக்கியா

நான் ஒரு நாள்கூடப் பனிச்சறுக்குக்குப் போனதில்லை, ஐயா. கால் நனைவது எனக்குப் பிடிக்காது.

போகிறவர்களைத்தான் பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன். பெல்கிரேடில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், விபத்துக் கோரிக்கைகளைப் பரிசீலிப்பது என் வேலை. வருஷம் முழுக்க உட்கார்ந்து தொப்பை வளர்த்துவிட்டு, ஜனவரியில் கிளிப்பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு கொப்பாவோனிக் மலையில் உருளுவார்கள். விழுந்த பிறகு எங்கள் நினைவு வரும். மது குடித்துச் சறுக்கினால் எதுவும் கிடையாது என்று பத்திரத்தில் பதினோராவது வரியிலேயே இருக்கிறது. ஒருவனும் படிப்பதில்லை.

நான் யாரையும் மிரட்டியதில்லை. ஆஸ்பத்திரியில் கிடப்பவரைக் கூப்பிட்டு, சொந்த அண்ணன் மாதிரி பேசுவேன். மலைமேல் என் அக்கா மிலேவா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டில் காய்ச்சிய ராக்கியா, அதாவது பிளம் பழச் சாராயம், ஒரு சின்னக் கிளாஸ் ஊற்றிக் கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள். எங்கள் பக்கத்தில் அதை வேண்டாம் என்பது அவளை அவமானப்படுத்துவது. குடிக்காதவனும் குடித்தேன் என்றுதான் சொல்வான். இந்த அசட்டு மரியாதையை வைத்தே பாதிக் கோரிக்கைகளை மூடியிருக்கிறேன்.

நீங்கள் விசாரிக்கிற இந்த வுகாஷின், பேக்கரி நடத்துகிறவர். அன்று காலை பத்தரைக்கு யாரோ பின்னாலிருந்து வந்து மோதி, முதுகெலும்பு நொறுங்கியது. சாயங்காலத்துக்குள் பெல்கிரேடில் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் இரண்டு கால்களும் போய்விடும் என்றார் அடிவாரத்து டாக்டர். ஹெலிகாப்டர் தயாராக நின்றது. நான் சரி என்றால் கிளம்பும்.

கூப்பிட்டேன். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"வலி எப்படிப்பா இருக்கு? ஆமா, நம்ம மிலேவா அக்கா கையால ஒரு கிளாஸ் போட்டியா இல்லியா?"

"போடாம வருவேனா அண்ணே? அது உள்ள எறங்கினா நொண்டியும் எந்திரிச்சு ஆடுவான்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அவர் மனைவி லியுபிட்சா போனைப் பிடுங்கினாள். "ஐயோ சார், அவர் அதைத் தொடவே மாட்டார். கல்லீரலுக்கு மாத்திரை சாப்பிடறார். சும்மா மரியாதைக்குச் சொல்றார். வேணும்னா ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

"அனுப்பச் சொல்லும்மா. பாக்கறேன்."

ஒரு மணிக்கு முடிவு வந்தது. துளி மது இல்லை. படித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பீன்ஸ் சூப். உப்பு கொஞ்சம் தூக்கல்.

லியுபிட்சா பதினேழு தடவை கூப்பிட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்று ஆபீஸ் ஆட்களைப் பதில் சொல்லச் சொன்னேன். கடைசியில் ஆம்புலன்ஸில் ஏற்றி, பனி மூடிய சாலையில் ஏழு மணி நேரம் கொண்டுவந்தார்கள். உயிர் இருக்கிறது. நடக்க மாட்டார்.

மேலிடம் சொல்லித்தான் செய்தேனா என்கிறீர்கள். யாரும் சொல்லவில்லை. உண்மையில் அந்த ரத்தப் பரிசோதனைகூட எனக்குத் தேவைப்படவில்லை. போன வருஷம் எங்கள் குடும்பப் புனிதர் திருநாள் விருந்தில் அக்காவே சொன்னாள்: "அந்த பேக்கரி வுகாஷின் இருக்கானே, ஆறு வருஷமா நான் ஊத்திக் கொடுக்கறதை ஜன்னல் வழியா பனியில கொட்டறான். என் மனசு நோகக் கூடாதாம். நானும் பாக்காத மாதிரி இருந்துக்கறேன், பாவம்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த ஆளின் நல்ல மனசு எனக்கு அன்றைக்கே அருவருப்பாக இருந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அவர் குடிக்கவில்லை என்று தெரிந்தேதான் ஹெலிகாப்டரை நிறுத்திவைத்தேன். கையெழுத்தும் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். உங்கள் குறிப்பில் நான் பொய் சொன்னதாக இருக்கிறது, அதை அடித்துவிடுங்கள். ஒலிப்பதிவை எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள். அதில் பொய் சொன்னது வுகாஷின் மட்டும்தான்.