ராலியை விட்டுப் போன கம்பெனி

“ரேஸ் ரூல மாத்துறது அவனுங்க, வேலைய வுடுறது நானா மாமா?”

முதுநகரில் சிதம்பரம் பஸ் ஏறி என் பின் சீட்டில் உட்கார்ந்த இருவரில் இளையவர் கேட்டார். வெளிநாட்டில் ராலி கார் பந்தய அணியில் மெக்கானிக்காக இருந்தவராம். மற்றவர் அவருடைய அக்கா வீட்டுக்காரர்.

“இன்ஜினோட பேட்டரி மோட்டாரும் இருக்கணும்னானுங்க. வுழுந்து வுழுந்து கத்துக்கிட்டேன். இப்ப செலவு ஜாஸ்தி, மோட்டாரே வேணாங்கிறானுங்க.”

“வெறும் இன்ஜின் வேலை பாக்க வேண்டியதுதான மச்சான்?”

“எங்க? எங்க டீம நடத்துன கார் கம்பெனிக்காரன் ராலியே வேணாம்னு போயிட்டான். அவனுக்கு வெளம்பரம் முடிஞ்சிபோச்சி. பனியில வண்டிக்கடியில கெடந்தது நாங்க.”

“நம்மூரு செம்மண்டலத்துல ஒரு மெக்கானிக் ஷெட்டு போடு.”

“போடுறேன். ஆனா அவன் கம்பெனி வண்டி வந்தா தொடமாட்டேன்.”

மாமா தயங்கினார். “இப்ப சிதம்பரத்துல சர்வீஸ் முடிஞ்சி எடுக்கப்போறமே நம்ம வண்டி, அதே கம்பெனிதான் மச்சான்.”

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மெக்கானிக் எரிச்சலாகச் சொன்னார்.

“பணத்த உடனே கட்டிடாத. மொதல்ல நான் ஓட்டிப் பாக்குறேன். அவனுங்கள நம்ப முடியாது.”