தங்கையின் முகத்துக்கு நான் பூசியவை

ஒரு முகத்துக்கு ஒரு பட்டாணி அளவு கிரீம் போதும், டாக்டர். இதை நான் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறேன். நாற்பது பேரும் நன்றாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் நெல்லிக்காய் அளவு எடுத்து அப்பிக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் தக்காளி மாதிரி முகத்தோடு வந்து என்னோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

நீங்கள் கொடுத்த தாளில் "இதுவரை பூசியவை, எந்தத் தேதியிலிருந்து" என்ற கேள்விக்குக் கீழே நான்கு கோடுகள்தான் இருக்கின்றன. பத்தாது. பின்பக்கத்திலும் எழுதுகிறேன். என் தங்கை உள்ளே முகத்தில் ஈரத்துணியோடு படுத்திருக்கிறாள். அரை மணி நேரம் ஆகும் என்றார் நர்ஸ். எனக்கு அது தாராளம்; பரீட்சையில் வேகமாக எழுதிப் பழகிய கை.

"என்ன பூசினீங்கன்னு சரியா தெரியாம நான் மருந்து எழுத மாட்டேன்" என்று நீங்கள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. முறை தெரிந்தவர் பேச்சு அது. அடுத்து நீங்கள், "வீட்ல படிச்சவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டீர்கள். அப்போது பாப்பா, அவளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், வீங்கிய உதட்டோடு என்னைக் காட்டி, "எங்க அக்கா கெமிஸ்ட்ரி டிகிரி முடிச்சிருக்கு, டாக்டர்" என்றாள். பெருமையாகச் சொன்னாள்.

ஆமாம், கெமிஸ்ட்ரி. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா ஒரு பதினோரு மாடி அலுவலகத்தில் தரை துடைக்கிறாள். அப்பா சலவைக் கம்பெனி வேன் ஓட்டுகிறார். ஆய்வகத்தில்தான் வேலை தேடினேன். நேர்காணலுக்குப் போன மூன்று இடத்திலும் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். அமிலத்தையும் காரத்தையும் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு பேரங்காடியின் இரண்டாவது மாடியில், தோல் பராமரிப்புக் கடையில் ஆலோசகர் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே மேலாளர் என்னைத் தூணுக்குப் பின்னால் இருக்கும் அலமாரிக்கு அனுப்பினார். "தப்பா எடுத்துக்காதம்மா. உன் முகத்துல இருக்கற தழும்பப் பாத்தா கஸ்டமர் நம்ப மாட்டாங்க. நீ வாயால வித்துடு" என்றார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வாயால் விற்றேன். எல்லாருக்கும் பாடம் நடத்துவதால் கடையில் எனக்கு டீச்சர் என்று பெயர்.

பாடம் எளிது. பருவுக்குப் பூசும் ரெட்டினாலோ அமிலமோ, எது புதிதென்றாலும் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து நான்கு நாள் பாருங்கள். இருப்பதிலேயே குறைந்த வீரியத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். முகம் நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள்; ஈரத்தில் மருந்து ஆழமாக இறங்கிக் கடிக்கும். இரண்டு புது மருந்துகளை ஒரே நாளில் சேர்க்காதீர்கள். மாமியாரையும் நாத்தனாரையும் ஒரே நாளில் விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி அது. காலையில் சன்ஸ்கிரீன் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். லேசாகச் சுருக்கென்றால் பரவாயில்லை. எரிந்தால் கழுவுங்கள், நிறுத்துங்கள். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இத்தனை வருடத்தில் என் பேச்சைக் கேட்ட ஒருத்தர் முகமும் கெட்டதில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்கு விமானப் பணிப்பெண் வேலைக்குத் தேர்வு நடந்தது. இரண்டு சுற்று தாண்டிவிட்டாள். மூன்றாவது சுற்று நேரில்; மேக்கப் இல்லாமல் வரவேண்டும், ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்துப் பார்ப்பார்கள். ஐந்து வாரம் இருந்தது. மோவாயில் இரண்டு பரு.

"அக்கா, இந்த ரெண்டு மட்டும் போயிட்டா போதும். உன் கடையில இல்லாத மருந்தா?"

"காலேஜ் என்னடி ஆகும்? இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கு."

"வேலை கிடைச்சா யாருக்கு வேணும் காலேஜ்?"

காரணம் இதுதான், டாக்டர். அவள் படிப்பை விடப் போகிறாள். வீட்டில் இதைக் கேட்டு யாரும் பதறவில்லை. அம்மா அவள் தலைமுடியைக் கோதிவிட்டு, "ராணி மாதிரி பறந்துட்டு வா" என்றாள். அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரு ஜோக் சொல்வார்: "பெரியவளுக்கு மூளை, சின்னவளுக்கு முகம். ரெண்டையும் சேத்தா எனக்கு ஒரு முழுப் பொண்ணு." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், நல்ல ஜோக்தான். படிப்பின் அருமை அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால், அவள் படிப்பைக் காப்பாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது.

முதல் வாரம் எல்லாம் முறைப்படி. குறைந்த வீரிய ரெட்டினால், காதுக்குப் பின்னால் பரிசோதனை, வாரம் இரண்டு நாள். பரு அடங்க ஆரம்பித்தது. அவள் கண்ணாடி முன்னால் நின்று என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

இரண்டாவது வாரம், அதே புட்டியில் நான்கு மடங்கு வீரியமுள்ளதை ஊற்றிவைத்தேன். வேலை விட்டு வந்ததும் சாயங்காலம் நானே பூசிவிடுவேன், தினமும். முகம் கழுவிய ஈரத்தோடு. மூக்கோரம், உதட்டோரம், கண்ணுக்குக் கீழே. வாடிக்கையாளர்களைத் தொடவே விடாத இடங்கள்.

"அக்கா, எரியுது."

"எரிஞ்சாத்தான்டி வேலை செய்யுது. உள்ள இருக்கற குப்பையெல்லாம் வெளிய வருது. மொதல்ல மோசமாகி அப்பறம் நல்லாகும்."

"சரி. நீ சொன்னா சரி."

அந்தப் பேச்சில் பாதி உண்மை என்பது உங்களுக்குத் தெரியும். சிலருக்கு முதலில் பரு கூடி அப்புறம் தணியும். அந்தப் பாதி உண்மைதான் வசதி. முகம் எவ்வளவு கெடுகிறதோ அவ்வளவுக்கு அவள் என்னை நம்பினாள். மூன்றாவது வாரம் தோல் உரிந்தபோது அம்மா மட்டும், "ஏன்டி, இத நிறுத்திட்டா என்ன?" என்றாள். பாப்பாவே அவளை அடக்கினாள். "அம்மா, நீ சும்மா இரு. அக்கா படிச்சிருக்கு."

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம், கன்னத்தில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கடைக்கே ஓடிவந்தாள். போனை நீட்டினாள். விமானக் கம்பெனியிலிருந்து கடிதம். தேர்வானவர்கள் கடைசி செமஸ்டரை முடித்துவிட்டே சேரலாம். பட்டம் இருந்தால் சம்பளமும் கூடுதல்.

"படிப்ப விட வேண்டாம்க்கா! நீ சொன்னதுதான் சரி. இன்னொண்ணு சொல்லட்டுமா? இன்டர்னல்ல நான்தான் கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டு. எல்லாம் உன் பழைய நோட்ஸ்."

எனக்கு இரண்டாம் வகுப்புதான் கிடைத்தது. அதை அவள் சொல்லவில்லை; அவளுக்கு ஞாபகம் கூட இருந்திருக்காது. கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போய் எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். மேலே திரும்பியதும் தூணைச் சுற்றி வந்து என்னைக் கட்டிப்பிடித்தபோது மேலாளர் அவளைப் பார்த்தார். சிவந்து உரிந்த முகத்தையே பார்த்துவிட்டு, "உன் தங்கச்சியா? ஆறினதும் வரச் சொல்லும்மா. முன்பக்கம் நிக்க ஆள் தேடிட்டிருக்கேன்" என்றார்.

ஆக, என் காரணம் அந்த மத்தியானமே தீர்ந்துபோனது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டால் பாதியில் விடுகிற வழக்கம் எனக்கில்லை.

அன்று சாயங்காலம் அவளுடைய சன்ஸ்கிரீன் குழாயைப் பிதுக்கிக் காலி செய்து, சாதாரண லோஷனை நிரப்பினேன். இரண்டும் வெள்ளைதான். அவள் பஸ் நிறுத்தத்தில் இருபது நிமிடம் வெயிலில் நிற்பவள். உங்களுக்குப் புரியாமல் இருந்த அந்தக் கருமை அதனால் வந்தது. சரியாகக் கேட்டீர்கள், "சன்ஸ்கிரீன் போட்டுமா இப்படி?" என்று. போடவில்லை. போட்டதாக நினைத்தாள்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், கடையின் உள்ளறையில் பயன்படுத்தும் தோல் உரிக்கும் அமிலத்தில் கொஞ்சம் எடுத்துவந்தேன். முப்பது சதவீத கிளைகாலிக். அந்த அறையின் அழகுக்கலைப் பெண் அதை நல்ல தோலில் மட்டும் பூசி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நிற்பாள். இரண்டு நிமிடத்தில் துடைத்துவிடுவாள். நான் பாப்பாவின் உரிந்த தோலில் பூசிவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தேன். பதினான்கு துணிகள். அப்பாவின் சட்டைக்குக் காலர் நேராக்கவே நேரம் பிடிக்கும்.

"அக்கா, போதுமாக்கா?"

"இன்னும் கொஞ்சம் பொறு."

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பொறுத்தாள். சின்ன வயதிலேயே அவள் அப்படித்தான். ஊசி போட்டாலும் என் கையைப் பிடித்துக்கொண்டால் அழமாட்டாள்.

அப்படியும் தேர்வுக்குப் போனாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. முகத்தில் பொருக்கு கட்டியிருந்தது. துப்பட்டாவை இறக்கிவிட்டு ஜன்னலோரம் நின்றாளாம். அங்கே மதிப்பெண் போட்ட பெண்மணி எழுந்து வந்து தோளைத் தொட்டு, "மூணு மாசம் உன் எடத்த வச்சிருக்கோம். முகம் ஆறினதும் வா" என்றாராம். வீட்டுக்கு வந்து என் மடியில் படுத்து அழுதாள். "உன் மேல ஒரு தப்பும் இல்லக்கா. என் தோல்தான் சரியில்ல" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை.

எனவே உங்கள் கேள்விக்கு முழுப் பதில்: தாளில் உள்ள எல்லாவற்றையும் நான்தான் பூசினேன். ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று தெரிந்தே பூசினேன். எது, எந்த வாரம் என்பது மேலே வரிசையாக இருக்கிறது. சிகிச்சைக்குத் தகவல் சரியாக இருக்கவேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

முறையாகக் கவனித்தால் மூன்று மாதத்தில் ஆறிவிடும் என்று நீங்கள் சொன்னதாக நர்ஸ் சொன்னார். சந்தோஷம். இதெல்லாம் பாப்பாவுக்கு இப்போது தெரியவேண்டாம். மனக்கவலை தோலுக்கு நல்லதில்லை. மருந்துச் சீட்டை என் கையில் கொடுங்கள், காலையும் சாயங்காலமும் நானே பூசிவிடுகிறேன். அம்மாவுக்கு அளவு தெரியாது. அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. எங்கள் வீட்டில் அந்த முகத்தின் மேல் உண்மையான அக்கறை உள்ளவள் நான் ஒருத்திதான்.