ஐந்து ரூபாய்ப் பாக்கி

அன்று தெமோதரை பஸ் தரிப்பிடத்தில் மூன்று பேர்தான்: தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, காலமான டொக்டர் தொடங்கிய சுகாதாரச் சங்கத்தின் மிஸ், பஸ் வராதோ என்று பயந்துகொண்டிருந்த நான்.

"மிஸ், இந்தாங்க அஞ்சு ரூபா. எங்க வீட்டுக்காரரு டொக்டரய்யாவுக்குத் தரவேண்டிய பாக்கி."

"அவரு வரலியா?"

"போன மாசம் அடக்கம் பண்ணிட்டோம். ஐயாவே போயிட்டாரு, இனி யாரு கேக்கப்போறான்னு டீபி மாத்திரைய நிறுத்திட்டாருங்க."



"ஐயா எல்லார்கிட்டயும் அஞ்சு ரூபா வாங்காம பாக்கி வச்சதே, கடன அடைக்கவாவது திரும்பி வருவாங்கன்னுதான்."

"அதாங்க, நான் வந்துட்டேன்." சொல்லும்போதே அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"இது எத்தன நாளா?"

"ஒரு மாசமா."

"அப்ப காச வச்சுக்கங்க. புதன்கிழம சளி சோதிக்க வரும்போது குடுங்க."

பஸ் வந்தது. அம்மா முந்தானையில் காசை மறுபடி முடிந்துகொண்டு ஏறினாள். பாக்கி ஐந்து ரூபாய்.