இடது இறக்கையைப் பிடித்தவன்

மாலை ஆறேகால். ஓடுதளத்தின் கடைசி முனைக்குப் போகும் சாலையில் ஆள் இல்லை, விளக்கு இல்லை. பிள்ளைகளை ஏற்றிய லாரி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டது. புல்வெளியில் ஒரே ஒரு கிளைடர்... இடது இறக்கை தரையில் சாய்ந்தபடி. உள்ளே, இருக்கைப் பட்டை மாட்டிக்கொண்டு, என் பெரியம்மா மகள்.

இப்படித்தான் தொடங்கினேன். மழையில் கூடாரங்கள் ஒழுகியதால் எங்கள் வான்படை மாணவர் பிரிவு முழுவதும் விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குள் போர்வையும் கையுமாகக் குவிந்திருந்தது. நடுவில் ஒரு டார்ச். எங்கள் முதுகுக்குப் பின்னால், இருட்டில், அதே கிளைடர். காற்றுக்கு அசையாமலிருக்க அதன் இடது இறக்கைமேல் ஒரு பழைய டயரை வைத்திருந்தார்கள். பெரியம்மா மகள், எல்லோருக்கும் குருவி அக்கா, மூலையில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். தன் கதையை அவள் சொல்வதில்லை. நான் சொன்னால் தடுப்பதுமில்லை.

"பேய்க்குக் காலே கிடையாதாமே அண்ணே?" என்றான் புதிதாகச் சேர்ந்த பொடியன்.

"இதுக்கு உண்டு. பூட்ஸும் உண்டு. உன்னுது மாதிரி சேறு இல்ல, பளபளன்னு இருக்கும். கேளு."

கிளைடருக்கு என்ஜின் கிடையாது. மறுமுனையில் இருக்கும் வின்ச் கம்பிக்கயிற்றைச் சுருட்டி இழுக்க, அது மேலே ஏறும். அதற்கு முன் சாய்ந்த இறக்கையை ஒருவர் தூக்கிச் சமமாகப் பிடிக்க வேண்டும். இறக்கை சமமானால் 'தயார், இழு' என்று வின்ச்காரருக்கு அர்த்தம். பிடித்தவர் கூடவே சில அடி ஓடி, விட்டுவிட வேண்டும்.

ஒருவன் விடவில்லை. முகாம் முழுக்க மற்றவர்களுக்கு இறக்கை பிடித்தவன். பறக்கத் தன் முறை வரவே வராது என்று தெரிந்த சாயங்காலம்... விடவில்லை. இறக்கையோடு மேலே போனான். அதற்குமேல் யாரும் சொல்வதில்லை. அன்றிலிருந்து, சூரியன் இறங்கிவிட்டால் இங்கே யாரும் இறக்கையைத் தொடுவதில்லை.

குருவிக்கு இறக்கை பிடிக்க வேண்டியவளும் அப்படித்தான் லாரியில் ஏறிப் போய்விட்டாள். கயிறு மாட்டியது மாட்டியபடி கிடந்தது.

"இறங்கும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் பயிற்சியாளர்.

"நாளைக்கு எங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு சார். இன்னைக்குத் தனியாப் பறந்தாத்தான் பதிவேட்டுல முத்திரை. இல்லேன்னா இதோட படிப்பைப் பாருன்னுட்டாரு."

"பிடிக்க ஆள் வேணாமா? பிடிவாதம் பிடிக்காதே."

வின்ச்சை நிறுத்தச் சொல்ல அவர் ஜீப்பில் இருந்த வயர்லெஸ்ஸை நோக்கி நடந்தார். குருவி பட்டையைக் கழற்றவில்லை.

அப்போது... பாலிஷ் வாசனை. புதிதாகப் போட்ட பூட்ஸ் பாலிஷ். புல்லில் உரசல். இடது இறக்கை மெல்ல, மிக ஒழுங்காக, எழுந்து சமமாக நின்றது.

பக்கத்தில் யாரும் இல்லை.

கயிறு சர்ரென்று புல்லை அறுத்துக்கொண்டு இறுகியது. கைக்கெட்டும் தூரத்தில் மஞ்சள் குமிழ். இழுத்தால் கயிறு கழன்றுவிடும். குருவி அதைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"பிடிச்சா பிடி. நான் போறேன்."

போனாள். இடது பக்கம் கனத்தது. கட்டுப்பாட்டுக் கோலை முழுதும் வலப்பக்கம் தள்ளிப் பிடித்தே ஒரு சுற்றுப் பறந்து இறங்கினாள். நின்ற கிளைடர் ஒரு பக்கம் சாய வேண்டும் அல்லவா? சாயவில்லை. இறக்கை சமமாகவே நின்றது. பிறகு கிளைடர் பின்னோக்கி நகரத் தொடங்கியது... புறப்பட்ட இடத்துக்கு. அவளை உள்ளே வைத்துக்கொண்டே.

இன்னொரு முறை. இன்னும் இருட்டில்.

குருவிக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அணிவகுப்பு மைதானத்தில் கத்துகிற அதே குரலில் கத்தினாள்.

"அட்டென்ஷன்!"

அட்டென்ஷன் என்றால் இரண்டு கையும் உடம்போடு ஒட்ட வேண்டும். இறக்கை தொப்பென்று விழுந்தது.

"அபவுட் டர்ன்! குயிக் மார்ச்!"

தார்ச்சாலையில் பூட்ஸ் சத்தம்... டக், டக், டக். தூரத்தில் தேய்ந்தது.

பயிற்சியாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். பின்னாலேயே வின்ச்காரர் சைக்கிளில் வந்து சிரித்தார். "இறக்கையைப் பிடிச்ச பையன் யாரு சார்? மேல போனப்புறமும் விடலையே?"

பயிற்சியாளர் வாய் திறப்பதற்குள் குருவி சொன்னாள்: "என்ன தண்டனை வேணா குடுங்க சார். ஆனா பறந்தேன்னு பதிவேட்டுல எழுதுங்க."

எழுதினார். முத்திரையைப் பார்த்த பெரியப்பாவும் அதற்குப் பிறகு முகாமுக்குத் தடை சொல்லவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றேன், டார்ச்சைத் தணித்து. "மார்ச் சொன்னவ ஹால்ட் சொல்லல. சொல்ற வரைக்கும் நடந்துதானே ஆகணும்?"

மழை விட்டிருந்தது. வெளியே, ஓடுதளத்தின் பக்கம்... டக், டக், டக்.

"ஏங்க்கா சொல்லல?" பொடியன் குருவி பக்கம் திரும்பினான். "பாவம்."

"என்னைக் கேட்காம என்னைப் பின்னால இழுத்தவன். நடக்கட்டும்" என்றாள் குருவி, தலை நிமிராமல்.

தடுப்பதற்குள் பொடியன் எழுந்து கத்திவிட்டான். "ஹால்ட்!"

டக், டக். நின்றது. கதவுக்கு வெளியே இல்லை. உள்ளே.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் டயர் சரிந்து, உருண்டு, சுவரில் மோதிப் படுத்தது. யாரும் திரும்பவில்லை. குருவி மட்டும் பாலிஷ் துணியை மடித்து வைத்தாள். பூட்ஸை மாட்டி நாடாவை இறுக்கிக் கட்டினாள். இருட்டுக்குள் நடந்துபோய், எழுந்து நின்ற இடது இறக்கையின் நுனியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"சும்மா சும்மா பிடிச்சுக்கிட்டே நிக்காதே. உன் முறைதானே, ஏறு. நான் பிடிக்கிறேன்."

கிளைடர் ஒருமுறை அமுங்கியது. அப்புறம் உள்ளேயிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, பட்டைக் கொக்கிகள் மாட்டிக்கொள்ளும் சத்தம்.