ரோட்டாருவின் பதிவு

எச்சில் கையோடு கீபோர்டைத் தொடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டும். ஸ்மரண்டா அப்படித்தான். கலாட்ஸ் நகர மருத்துவமனையில், நோயாளிகளின் தகவல்களைக் கணினியில் பராமரிக்கிற அறையில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. நாள் முழுக்கச் சூரியகாந்தி விதை கொறிப்பாள். எச்சில் பட்ட தொலி எழுத்துகளுக்கு நடுவே ஒட்டிக் கிடக்கும்.

தகவல் மேலாண்மையில் மேலே போக வேண்டுமென்று வருடக்கணக்காகப் பயிற்சி தேடினேன். பாதி ஏமாற்று. மீதி, எனக்குத் தெரிந்ததையே சொல்லித்தருபவை. கடைசியில் தலைநகர் புக்காரெஸ்டில் உருப்படியான ஒன்று கிடைத்தது. இயக்குநரிடம் காட்டினேன். "நல்லாத் தேடிப் பிடிச்சிருக்கம்மா. ஸ்மரண்டாவை அனுப்பிடலாம், அவதான் சீனியர்" என்றார்.

அவள் என் கன்னத்தைத் தட்டினாள், அதே கையால். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதடி லிவியா. நான் படிச்சுட்டு வந்து உனக்கும் சொல்லித்தர்றேன்."

நெகுலாய் ரோட்டாரு என்ற பெயரில் எங்களிடம் இரண்டு நோயாளிகள். ஒருவர் டிராம் ஓட்டியவர், அவருக்குப் பென்சிலின் ஆகாது. ஸ்மரண்டா அவர் பதிவில் சிவப்பு எச்சரிக்கை வைத்திருந்தாள். அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவளுடைய கணினியில் உட்கார்ந்து இருவரின் பதிவுகளையும் இணைத்து ஒருவராக்கினேன்; மற்றவருடைய விவரங்களை மட்டும் மிச்சம் வைத்தேன். எச்சரிக்கை போய்விட்டது. கீபோர்டைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டேன்.

தோலில் தடிப்பு வரும், விசாரணை வைப்பார்கள், அவள் பயணம் ரத்தாகும் என்றுதான் நினைத்தேன். முன்பு ஒருமுறை ஊசி போட்டதில் தொண்டை அடைத்து அவருக்கு மூச்சே நின்றுபோனது என்று பதிவில் இருந்தது. ஆமாம், படித்தேன். படிக்காமல் எதையும் மாற்றுகிற பழக்கம் எனக்கில்லை.

டிராம்காரர் நெஞ்சுச் சளியோடு வந்தார். பென்சிலின் ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் இறந்துவிட்டார்.

"நான் அதைத் தொடவே இல்லடி, நீயாவது சொல்லேன்" என்று ஸ்மரண்டா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூக்கு ஒழுகியது. கையை உருவிக்கொண்டு கழுவப் போனேன். அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். புக்காரெஸ்டுக்கு நான் போனேன்.

பதிவு மாறிய நேரத்தில் அவள் உணவறையில் இருந்ததைப் போலீஸ்காரர்கள் நீங்கள் கேமராவில் பார்த்துவிட்டீர்கள், அதனால் மறைக்க ஒன்றுமில்லை. பயிற்சியில், தவறான தகவலால் வரும் கேட்டுக்கு ஓர் உதாரணம் கேட்டார்கள். ரோட்டாரு செத்ததைச் சொன்னேன். வகுப்பே கைதட்டியது. பெயரை மட்டும் சொல்லவில்லை, ஐயா. ஒரு நோயாளியின் அந்தரங்கத்தை நான் ஒருபோதும் வெளியே விட்டதில்லை.