சந்து வாசலில் இரண்டு தடுப்புகள்

“...அதைத்தான் நானும் கேக்கேன். போலீசு செஞ்சது சரியா தப்பான்னு பாக்க மெட்ராஸ்ல இருந்து மூணு பேரு வரணுமாக்கும்? எங்கிட்ட கேட்டாச் சொல்ல மாட்டனா? மூணு நாளா பயணியர் மாளிகைல உக்காந்து விசாரிக்காங்க, ஒரு ஆளு இங்கன எட்டிப் பாக்கல. இந்தத் தூக்குவாளியப் பாருங்கம்மா, அடி நல்ல கனம்.”

நிர்மலாதேவி படியேறும்போதே பாத்திரக்கடை தங்கப்பழம் அண்ணாச்சியின் பேச்சு பாதியில் இருந்தது. முந்தைய ஆளிடம் விட்டதை அவளிடம் தொடர்ந்தார்.

அவள் உண்மையில் தூக்குவாளி வாங்க வரவில்லை. போன மாதம் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையைத் திறக்க ஒரு நடிகை வந்தாள். கூட்டம் வெளியேற போலீசார் ஒரு சந்து வழியைத் திறந்து வைத்திருந்தார்கள். நடிகை கிளம்பியதும் ஜனம் அங்கே ஓட, சந்து வாசல் தடுப்புகளால் அடைபட்டுக் கிடந்தது. நெரிசல், கைகலப்பு, கல்வீச்சு, முடிவில் தடியடி. சந்துக்குப் பொறுப்பாயிருந்த ஏட்டு, அவள் கணவன். முன்னால் கூட்டத்தை விலக்கிவிட்டுத் திரும்புவதற்குள் யாரோ அடைத்துவிட்டார்கள் என்று அவன் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். இப்போது போலீஸ் துறையைச் சேராத மூன்று பேர் நடந்ததை ஆராய வந்திருக்கிறார்கள். இன்று சாயங்காலத்தோடு கிளம்பிவிடுவார்கள்.

சந்துக்கு நேர் எதிர்க்கடை இதுதான். தான் யாரென்று சொன்னால் அண்ணாச்சி வாயை மூடிக்கொள்வார். அதனால் தூக்குவாளி வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அண்ணாச்சியின் வாய் மூடுவதாக இல்லை. ஆனால் பேச்சு நேராகவும் போகவில்லை. போலீசில் தொடங்கி, கரிவலம்வந்தநல்லூர் சம்பந்தி வீட்டுக்குப் போய், அங்கே ரசத்தில் உப்பில்லாததைச் சொல்லி, இண்டாலியச் சட்டியின் கேடுகளில் வந்து நின்றது. நிர்மலாதேவி மேல்தட்டு இட்லிக் கொப்பரையைக் காட்டினாள். ஸ்டூலில் ஏறியவருக்குச் சந்து கண்ணில் பட்டதும் பேச்சு பஜாருக்குத் திரும்பியது. மறுபடி விலகியபோது ஒரு குத்துப்போணியைக் காட்டினாள். அப்புறம் ஒரு அண்டாவை. அவள் முன்னால் பாத்திரங்கள் குவிந்தன.

ஒவ்வொன்றுக்கும் மூடியைத் தேடிப் பொருத்திவிட்டுத்தான் கீழே வைத்தார். மூடியில்லாத பாத்திரம் தன் கடைப்படி இறங்கியதே கிடையாது என்றும், பனவடலிசத்திரம் வரை பஸ்ஸில் போய் ஒரு மூடியைக் கொடுத்துவிட்டு வந்ததாகவும் சொன்னார்.

“அந்தத் தடுப்பு பூராவும் யாரு வாங்கிக் கொடுத்தது? நான். பன்னெண்டு தடுப்பு. தங்கப்பழம் பாத்திரக்கடைன்னு செவப்புல எழுதிக் கொடுத்தேன். சொந்தக் காசு தாயி. இந்தப் போலீசுக்காரனுவளுக்கு ஒரு பொருளை எப்படி வைக்கணும்னு தெரியுதா? சந்துக்கு ரெண்டு பக்கமும் நீளவாக்குல வைக்கானுவ. பேரு சொவத்தப் பாத்துட்டு நிக்கி. சொவரா வந்து எங்கிட்ட சருவச்சட்டி வாங்கும்?”

நிர்மலாதேவி கையிலிருந்த தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள். மறுபடி மூடினாள்.

“டிவிக்காரன் கேமராவத் தூக்கிட்டு எதுக்க நிக்கான். நடிகை வாரா. பாத்தேன். அந்த ஏட்டு முன்பக்கம் போன நேரம், நானும் கடைப்பையனுமா ரெண்டு தடுப்பத் தூக்கி சந்து வாசல்ல குறுக்க வச்சோம். இப்பம் எப்படி இருக்குன்னேன். பேரு பளிச்சுன்னு தெரியுது.”

அதற்குப் பலனும் இல்லை என்பதுதான் அவருக்கு மனத்தாங்கல். பேப்பரில் வந்த படத்தில் ஒரு அகலமான முதுகு குறுக்கே நின்று, ‘பழம்’ என்பது மட்டும் தெரிந்ததாம். மறுநாளிலிருந்து வாழைத்தார் என்ன விலை என்று போன் வருகிறதாம். அந்த முதுகும் ஒரு போலீஸ்காரருடையதுதானாம்.

அவள் அண்டாவையும் கொப்பரையையும் தள்ளிவைத்தாள். தூக்குவாளிக்கு மட்டும் பணம் கொடுத்தாள். அண்ணாச்சி முகம் சற்று வாடினாலும், பேர் வெட்டும் மிஷினைக் கையில் எடுத்தார்.

“பேரு ஓசிதான். என்ன பேரு வெட்டட்டும்?”

“வெள்ளத்துரைன்னு வெட்டுங்க அண்ணாச்சி. ஏட்டு வெள்ளத்துரை.”

மிஷின் ஓடியது. ஊசி பாத்திரத்தைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்தது, பிறகு அதை நிறுத்தினார். எதிரே சந்து வாசலைப் பார்த்தார். ஒரு சைக்கிள் தடையில்லாமல் அதற்குள் போனது.

“உங்க வீட்டுக்காரரா?” என்றார். அவள் தலையசைத்தாள்.

அவர் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, மூடியைக் கல்லாமேல் வைத்துவிட்டு அவள் படியிறங்கினாள். பயணியர் மாளிகை இருக்கும் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தெருமுனை தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே முணுமுணுப்பு. வியாபார நேரத்தில் எவன் கடையைப் போட்டுவிட்டு வருவான், ஒரு மூடியைக்கூட கவனமாய் எடுத்துக்கொள்ளத் தெரியாதா, வெயில் இப்படிக் காய்கிறது, அந்த ஏட்டாவது அன்றைக்கே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்டால் சொல்லாமலா போயிருப்பேன், சொல்லியிருப்பேனா... அது வழியெல்லாம் ஓயவில்லை.

பயணியர் மாளிகை வாசலில் ஓய்ந்தது.

உள்ளேயிருந்து ஒருவர் வந்து, இன்னும் யாருக்காவது சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று கேட்டார். நிர்மலாதேவி ஒதுங்கி வழிவிட்டாள். அண்ணாச்சி மூடியை அவள் கையிலிருந்த தூக்குவாளியில் வைத்து, அழுத்திப் பொருத்தினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.