பூசணிக்கொடிக்குப் போன வெந்நீர்

...அதனாலதான் பெரியவங்களே, இந்தப் பேச்சுப் போட்டிக்கு 'மனிதநேயம்'னு தலைப்பு கொடுத்ததும் நான் நூலகத்துப் பக்கமே போகல. நேரா நம்ம பள்ளிக்கூட வாசல்ல இருக்கற ரேணுகா அக்கா போண்டாக் கடைக்குப் போனேன். அங்க ஒரு கதை கேட்டேன். சின்னதுதான், சொல்லிடறேன். பயப்படாதீங்க... நீதிக்கதை இல்ல. நீதி இன்னும் வந்து சேராத கதை.

நம்ம ஆந்திர எல்லையைத் தாண்டினா அந்தப் பக்கம், தமிழ்நாட்டுல, ஜவ்வாது மலை. அங்க ஜெயவேல்னு ஒருத்தர். வயசு இருபத்தாறு. அவர் சம்சாரம் கன்னியம்மா. ஒரு மேஸ்திரி வந்து, "ரோடு போடற வேலை, பத்தே நாள், கிளம்பு"ன்னு வண்டியில ஏத்தினான். ரோடு வேலைக்குப் போன மனுஷனை நம்ம காட்டுல செம்மரத்தோட பிடிச்சாங்க. மேஸ்திரி? அவனை யாருக்கும் பிடிக்காது... ஆனா யாரும் பிடிக்கவும் மாட்டாங்க!

"மரத்தை வெட்டினாரா இல்லையா?"ன்னு கேப்பீங்க. எனக்குத் தெரியாது. கோர்ட்டுக்கே இன்னும் தெரியாது. வகுப்புல சாக்பீஸ் பறந்தா நம்ம சார் என்ன சொல்வார்? "யாருன்னு கண்டுபிடிக்கற வரைக்கும் நீ வெளிய நில்லு." எனக்கு நல்ல பழக்கம். அங்க என்னடான்னா, கண்டுபிடிக்கற வரைக்கும் உள்ள இருக்கணும்!

மூணு மாசம் உள்ள இருந்தார். அப்புறம் ஒரு காலைல வக்கீல் போன் பண்ணார்.

"அம்மா, ஜாமீன் கிடைச்சிடுச்சு!"

இதைக் கேட்டா நீங்க என்ன நினைப்பீங்க? வீட்டுக்காரர் வர்றார்னுதானே? கன்னியம்மாவும் அப்படித்தான் நினைச்சாங்க. மலைக்கு ஒரே பஸ், சாயங்காலம் நாலரைக்கு. ஜெயில்லேர்ந்து வர்றவர் வாசல்லயே வேப்பிலை போட்ட வெந்நீர்ல குளிச்சிட்டுத்தான் உள்ள கால் வைக்கணும், அது அந்த வீட்டு வழக்கம். அடுப்பு மூட்டினாங்க. அண்டா நிறையத் தண்ணி. பக்கத்துல புதுத் துண்டு. கடைசி வளைவுல பஸ் முக்கி முனகி ஏறற சத்தம்... ஓடிப் போய் நின்னாங்க.

மூணு பேர் இறங்கினாங்க. அவர் இல்ல.

மறுநாளும் வெந்நீர். அதுக்கு மறுநாளும் வெந்நீர். அப்புறம் அப்புறம் அந்தக் கண்டக்டர், பஸ் நிக்கறதுக்கு முன்னாடியே படியில நின்னு கையை விரிச்சுக் காட்டிடுவாராம். "இன்னிக்கும் இல்லம்மா..."

ஆறிப்போன தண்ணியைக் கொட்ட மனசு வரல. வேலியோரம் இருந்த பூசணிக்கொடிக்கு ஊத்தினாங்க. இருபத்திரெண்டு நாள்! ஜெயவேல் குளிக்க வேண்டிய தண்ணியெல்லாம் குடிச்சிட்டு அந்தக் கொடி கூரைக்கு ஏறிடுச்சு, காய் பிடிச்சிடுச்சு... மனுஷன் மட்டும் வந்து சேரல.

ஏன் வரல? உத்தரவுல இன்னொரு வரி இருந்தது. உள்ளூர்ல நிலம் இருக்கற ரெண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடணும். உள்ளூர்னா? நம்ம ஊர்ங்க! மலையில இருக்கறவங்களுக்கு இங்க யாரைத் தெரியும்? கதவு திறந்துதான் இருக்கு, கைபிடிச்சுக் கூட்டிட்டு வர ஆள் இல்ல.

வக்கீல்கிட்ட கேட்டு விஷயம் புரிஞ்ச அன்னிக்கே கன்னியம்மா கிளம்பிட்டாங்க. வெறுங்கையோட வரக்கூடாதுன்னு அந்தப் பூசணிக்காயை இடுப்புல வெச்சுக்கிட்டு, நம்ம தெருவுல வீடு வீடா ஏறினாங்க.

"ஐயோ, பட்டாவைக் கொடுத்தா நிலமே போயிடுமாம்மா!"

"எங்க மாமியாரைக் கேட்டுச் சொல்றேன்." மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. எங்க போய்க் கேப்பாங்க?

"எவனோ மரம் வெட்டினா அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?" இது யாரு? மூணாவது வரிசை, வெள்ளைச் சட்டை. அப்பா, முறைக்காதீங்க... வீட்டுல வந்து வாங்கிக்கறேன்.

கடைசியா ரேணுகா அக்கா கடை. நான் மூணாவது போண்டாவுல இருக்கேன். அக்கா கேட்டது ஒரே கேள்விதான்.

"உன் வீட்டுக்காரர் ஓடிப் போயிட மாட்டாரே?"

"ஓடுவாருக்கா... ஓடினா எங்கிட்டதான் ஓடி வருவாரு. வேற யாருக்கா இருக்கா அவருக்கு?"

அக்கா கரண்டியைக் கீழ வெச்சாங்க. கையைத் துடைச்சாங்க. வீட்டுக்குப் போய்ப் பட்டா புத்தகத்தோட வந்தாங்க. "அரை ஏக்கர்தான்மா இருக்கு... போதுமா?"

நான் மூணாவது போண்டாவைத் தட்டுலயே வெச்சிட்டேங்க.

ஜாமீன்னா மன்னிப்பு இல்லைங்க. விடுதலையும் இல்ல. 'கூப்பிட்டா இவர் வருவார்'னு ஒரு மனுஷருக்காக இன்னொரு மனுஷர் சொல்ற வார்த்தை. அவர் வரலைன்னா கோர்ட்டு நம்மளைத்தான் கூப்பிடும், பணம் கட்டச் சொல்லும். நான் மறைக்கல. ஆனா இருபத்திரெண்டு நாள் தண்ணி காய வெச்ச வீட்டை விட்டு ஒருத்தர் எங்கங்க ஓடுவார்? எதுக்கு ஓடுவார்?

வேண்டியது ரெண்டு பேர். கிடைச்சது ஒருத்தர்.

கன்னியம்மா இப்ப நம்ம பள்ளிக்கூட வாசல்லதான் உக்காந்திருக்காங்க. பூசணிக்காய் இன்னும் மடியில. மணி நாலே கால். தான் ஊர்ல இல்லாட்டியும் தண்ணி வைக்கணும்னு தங்கச்சிகிட்ட சொல்லிட்டு வந்திருக்காங்களாம். மலையில இந்நேரம் அடுப்பு எரியும்...

இந்தக் கதைக்கு முடிவு எங்கிட்ட இல்ல. உங்க வீட்டு பீரோவுல, பட்டுப்புடவைக்கு அடியில இருக்கு. எடுத்துட்டு வாங்க. நாளைக்கோ நாளன்னிக்கோ, அந்தத் தண்ணியில அந்த மனுஷன் குளிக்கட்டும்.

பூசணிக்கொடி குடிச்சது போதும்.